சாயத்தண்ணியில் போன குளிசை

தோட்டங்களுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் மிட்வைஃப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று, ஓய்வு பெற்ற தோட்டத்து மிட்வைஃபான என்னிடம் கேட்டார்கள். எனக்கு இனிப்பாக எழுத வராது என்றேன். பரவாயில்லை என்றார்கள். பிறகு யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது.

உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் அசதி என்று ஒரு தலைப்பு இருக்கும். அதற்குக் கீழே இரும்புச்சத்துக் குறைவு, ஃபோலிக் அமிலக் குறைவு, அயோடின் குறைவு என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். மனப்பாடம் செய்து பாஸாகியிருப்பீர்கள். தோட்டத்துக்குள் காலை வைத்ததும் அந்தத் தலைப்பு காணாமல் போய்விடும். இங்கே யாருக்கும் அசதி வருவதில்லை. வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் ஐயாவைக் கேட்டால் அது சோம்பல். தோட்டத்தை நடத்துகிற துரையைக் கேட்டால் ஒழுங்கீனம். மாமியாரைக் கேட்டால் நடிப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை பாடத்தைக் கவனிக்க முடியாமல் மேசையில் தலை சாய்த்தால் அது மக்கு. காலையில் அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் சீனி போட்ட சாயத்தண்ணி என்கிற பாலில்லாத தேத்தண்ணியும் அரை ரொட்டியும்தான் போனது என்று எந்த வாத்தியாரும் விசாரித்ததில்லை. விசாரித்தால் பிறகு அடிக்கக் கை வராதே.

நான் சொல்லப்போவது ஒருத்தியைப் பற்றி. தெரணியகலைப் பக்கம், மேலே தேயிலையும் கீழே ரப்பரும் உள்ள தோட்டம். தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்கு மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கம்பெனி வந்து கேட்டுக்குப் புதுப் பெயர்ப்பலகை போட்டது, ஆபீசுக்குப் பெயிண்ட் அடித்தது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் கூரைத் தகரம் மட்டும் பழையதாகவே இருந்தது.

பரமேஸ்வரி ரப்பர் பால் வெட்டுகிறவள். வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கத்தியை மரத்தில் சாய்த்துப் பிடித்து, பட்டையை மட்டும் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கொஞ்சம் மேலாகப் போனால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம். காயம் பட்ட இடம் பிறகு முண்டாக வீங்கிவிடும், அதில் திரும்ப ஒழுங்காக வெட்ட முடியாது. அதனால் காயம் என்றால் கண்டக்டருக்குத் தன் பிள்ளையை யாரோ அடித்தது போல. அதே கண்டக்டர் ஒரு காலத்தில், "பரமேசு வெட்டுற மாதிரி வெட்டுங்கடி" என்று மற்றவர்களைத் திட்டிக்கொண்டு திரிந்தவர்தான்.

இரண்டாவது பிள்ளை பிறந்து அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு காயங்கள் விழத் தொடங்கின. முதலில் ஒன்று இரண்டு. பிறகு வரிசையாக. புதிதாக வெட்டுக்கு எடுத்த இளம் மரங்கள் வேறு. குனிந்து எழும்பும்போது தள்ளாடுகிறாள், கூப்பிட்டால் காதில் விழாதது போல நிற்கிறாள், பாதி மரத்தை வெட்டாமல் தாண்டிப் போகிறாள் என்று புகார். கண்டக்டர் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டாராம்:

"என்னா பரமேசு, பால் வெட்டுறியா, விறகு வெட்டுறியா? காலையிலயே கசிப்பு ஏத்திட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு தோட்டம் முழுக்க அவள் குடிக்கிறவள். ஒருவரும் அவள் வாயில் வாடை பிடித்ததில்லை. அது தேவையும் படவில்லை.

இந்த நேரத்தில்தான் டிஸ்பென்சரியில் இருந்தவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். அவர் டாக்டர் இல்லை, மருந்து கொடுக்கிறவர். ஆனாலும் டாக்டரய்யா என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் இருமல் மருந்துகூடக் கிடைக்காது. பெண்களுக்கு ரத்தம் குறைவு, இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தால் வீட்டில் எறிந்துவிடுகிறார்கள், ஆகவே வேலைத்தலத்திலேயே கங்காணி முன்னால் விழுங்க வைப்போம் என்றார். கம்பெனிக்கு இது பிடித்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்த கம்பெனிக்காரர்கள் பெண்களை வரிசையாக நிறுத்தி, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டினார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பிரசவம் பாக்குற ஆளுக்கு இதுல என்னா வேலை மிஸ்ஸி" என்றார் டாக்டரய்யா.

சில மாதங்கள் போயின. பரமேஸ்வரியின் மரங்களில் காயம் கூடியதே தவிரக் குறையவில்லை. இப்போது கண்டக்டருக்கு நல்ல வசதி. முன்பு யாராவது, பாவம், சுகமில்லாதவள் என்று சொல்லலாம். இப்போது அதுவும் முடியாது. தினமும் கங்காணி பார்க்கக் குளிசை விழுங்குகிறாள், ஆகவே ரத்தம் ஊறியிருக்கும், ஆகவே நோய் இல்லை, ஆகவே குடிதான். கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். மருந்து கொடுத்ததே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

ஆபீசில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டுப்பட்டால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். புருஷன் ரம்புக்கனையில் ஒரு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டு அங்கேயே படுத்துக்கொள்கிறவன். தோட்டத்தில் பேர் உள்ளவள் அவள் மட்டும்தான். அந்தப் பேர் போனால் இரண்டு பிள்ளைகளோடு ரோட்டில்.

அவள் மேல் வந்த புகாரும் விசாரணையும் எனக்கு அதுவரை தெரியாமல்தான் இருந்தது. விசாரணைக்கு முந்திய வாரம் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளை நிறுக்கும்போது அவள் வந்தாள். முறைக்காகக் காத்திருந்தவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். மடியிலிருந்த குழந்தை சரிந்து, பக்கத்தில் இருந்தவள் பிடித்துக்கொண்டாள். நான் போய் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சுண்ணாம்பு தடவியது போல இருந்தது.

"குளிசை போடுறியா, துப்புறியா?"

"தெனம் போடுறேங்க மிஸ்ஸி. கங்காணி வாயத் தொறக்கச் சொல்லிப் பாக்குறாரே."

"பொய் சொல்லாத. போட்டா இப்படியா இருப்ப?"

"புள்ளைங்க மேல சத்தியமுங்க."

இந்த இடத்தில்தான் நீங்கள் எல்லோரும் சறுக்குவீர்கள். பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த குழந்தையைத் தூக்கித் தராசில் போடுவீர்கள். சுலபம். யாரும் உங்களைக் கேட்கவும் மாட்டார்கள்.

எனக்குப் பயிற்சி தந்த நர்சிங் சிஸ்டர் ஒருவர் இருந்தார். சிரித்து நான் பார்த்ததில்லை. மருந்து கொடுத்தாச்சு சிஸ்டர் என்றால், "கொடுத்தது உன் கை. எங்க போய்ச் சேர்ந்தது?" என்பார். தலையணைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே, ஜன்னலுக்கு வெளியே என்று தேட வைப்பார். வார்டு முழுக்க நாங்கள் முழங்காலில் ஊர்ந்து திரிந்திருக்கிறோம். அவரை நாங்கள் வாய்க்கு வந்தபடி திட்டினோம். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை நான் ரப்பர் தோட்டத்துக்குள் போனேன். மிட்வைஃப் அங்கே போகிற வழக்கமில்லை. அட்டை கடித்துக் கால் முழுக்க ரத்தம். வெட்டி முடித்துப் பால் சிரட்டைக்குள் வடியட்டும் என்று பெண்கள் உட்காருகிற நேரம். தேத்தண்ணி வந்தது. பெரிய வாளி நிறையக் கறுத்த சாயம். வாளிக்குப் பின்னாலேயே குளிசைப் போத்தலோடு கங்காணி வந்தார். ஒவ்வொருத்தியும் ஒரு குவளை சாயத்தை வாங்கி, குளிசையை வாயில் போட்டு, சாயத்தை ஊற்றி விழுங்கினாள். கங்காணி ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். மிகவும் கவனமாகப் பார்த்தார்.

ஒருத்திக்குக் குளிசை தொண்டையில் இறங்காது. அவள் கடித்துத் தின்னப் பார்த்து, கசப்பில் குவளைக்குள்ளேயே துப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சாயம் எழுதுகிற மை மாதிரி ஆகிவிட்டது.

"சீ, பேய்த் தண்ணி" என்று தரையில் ஊற்றினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குக் கொஞ்சந்தான் விடும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். வகுப்பில் கேட்டது குவளைக்குள் தெரிந்தது.

"இவங்களுக்குத் தண்ணியில குளிசை குடுக்க முடியாதா கங்காணி?"

"தண்ணியா? இங்க ஏது மிஸ்ஸி தண்ணி? பீலியில வர்ற பச்சத் தண்ணி குடிச்சா வயித்தால போகும், கொதிக்க வச்சதுதான் குடிக்கணும்னு நீங்கதானே லயம் லயமா வந்து சொன்னீங்க. கொதிச்சது இதுதான்."

மனிதர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எரிச்சலோடு மலை ஏறி டிஸ்பென்சரிக்குப் போனேன்.

டாக்டரய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தச் சனம் தலமுற தலமுறயா சாயத்தண்ணி குடிச்சுத்தான் மிஸ்ஸி வாழுது."

"வாழுதா?"

"குளிசை விழுங்கினா சரி. அது வயித்துக்குள்ள போய் என்னா பண்ணுதுன்னு நான் டோர்ச் அடிச்சுப் பாக்கவா?"

பரமேஸ்வரியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, தோட்டத்து வழக்கப்படி, அவர் கையெழுத்துப் போட்ட துண்டு கேட்டேன். தரமாட்டேன் என்றார். அவரைத் தப்புச் சொல்ல முடியாது. அவளுக்கு ரத்தம் இல்லை என்று வெளியே தெரிந்தால், ஆபீசில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற அவருடைய பெயர் கெட்டுப்போகுமே.

விசாரணை நாள் வந்தது. எனக்கு முன்னால் இரண்டு வழி. அவளை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் ஆபீசில் அவளுக்காகப் பேச ஆளில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனால் அவள் குடித்தவள் போலத் தள்ளாடிக்கொண்டு துரை முன்னால் நிற்பாள், பார்த்தீர்களா என்பார் கண்டக்டர். நான் அவளையும் குழந்தையையும் அடுத்த காம்பராப் பெண்ணோடு காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். தாயும் சேயும் என் பொறுப்பு, வழக்கத்துக்காக டாக்டரய்யாவிடம் கேட்டேனே தவிர, அவர்களை அனுப்ப எனக்கு யாருடைய துண்டும் தேவையில்லை. அவள் பஸ்ஸில் ஏற மறுத்தாள்.

"வரலைன்னா பயந்து ஓடிட்டான்னு சொல்லுவாங்க மிஸ்ஸி."

"சொல்லட்டும். ஏறு."

ஆபீசுக்கு நான் தனியாகப் போனேன். துரை, கண்டக்டர், டாக்டரய்யா மூவரும் இருந்தார்கள். கண்டக்டர் சொல்லி வைத்தது போல ஆரம்பித்தார்.

"பாருங்க சேர், ஆளே வரல. குத்தமுள்ள நெஞ்சு. சுகமில்லைன்னும் சொல்ல ஏலாது. இந்தா, படத்துல ரெண்டாவதா நிக்கிறது அவதான். வாயத் தொறந்து காட்டுறா. குளிசை தின்னதுக்கு இதைவிட என்னா சாட்சி வேணும்?"

நான் எழும்பிப் படத்துக்குப் பக்கத்தில் போனேன். "சேர், இந்தப் படத்துல கீழ ஒரு வாளி இருக்கு. என்னா வாளி?"

"தேத்தண்ணி வாளி" என்றார் துரை.

அவர் மேசையிலும் ஒரு தேத்தண்ணி இருந்தது. பால் போடாத, நல்ல நிறமான சாயம், அவருடைய தோட்டத்துத் தேயிலை. என் கைப்பையில் இருந்த குளிசை ஒன்றைப் பேப்பர்வெயிட்டால் நசுக்கி அந்தக் கோப்பைக்குள் போட்டுக் கரண்டியால் கலக்கினேன்.

துரை நன்றாகத் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்குப் போய்விடுவார். "பிஸ்ஸுத மிஸ்ஸி?" என்று கத்தினார். பைத்தியமா என்று.

"பைத்தியமான்னு பிறகு பாப்போம் சேர். கோப்பையைப் பாருங்க."

பார்த்தார். மை.

"குளிசை அவ வாய்க்குள்ள போனது உண்மை. கங்காணி பாத்ததும் உண்மை. ஆனா இரும்பு இந்தச் சாயத்தோட ஒட்டிக்கிட்டு அப்படியே வெளியில போயிருது. கறுத்த சாயத்துல, மாசக்கணக்கா குடுத்திருக்கோம். ஒடம்புல என்னா சேரும்?"

"தேயிலைத் தோட்டத்துல நின்னுக்கிட்டு தேத்தண்ணி கூடாதுன்னு சொல்றியா?"

"குடிங்க சேர். குளிசையோட குடிக்காதீங்க."

டாக்டரய்யா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் மட்டும் விடவில்லை. "இந்த வித்தையெல்லாம் இருக்கட்டும். அவ எங்க?"

"பெரிய ஆஸ்பத்திரியில. இப்ப ரத்தம் எடுத்துக்கிட்டிருப்பாங்க. நீங்க குடிகாரின்னு பேரை வெட்டுங்க. அங்க ரத்தம் இல்லாதவன்னு சொல்லுவாங்க. அந்தக் கொழும்பு ஐயாமாருக்கு ரெண்டும் சேந்து போகட்டும். அவங்கதானே வந்து படம் எடுத்தாங்க."

துரை அந்தக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

உங்களில் சிலர் இப்போது நினைப்பீர்கள், உண்மை ஜெயித்தது என்று. மண்ணாங்கட்டி. கோப்பையைப் பார்த்து அவர் மனம் மாறவில்லை. கொழும்பு என்றதும்தான் மாறினார். உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். கையில் உள்ள நியாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகாதீர்கள். எதற்குப் பயப்படுவார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

விசாரணையைத் தள்ளி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் பரமேஸ்வரியை மறித்து வார்டில் போட்டார்கள். ரத்தம் மிகவும் இறங்கியிருந்தது. அதோடு கொக்கிப்புழுவும். ஈர மண்ணில் செருப்பில்லாமல் நிற்கிற கால்களுக்கு அது வராமல் எங்கே போகும்? உள்ளே போகிற கொஞ்ச இரும்பையும் சாயம் பிடுங்க, மிச்சத்தைப் புழு உறிஞ்சியிருக்கிறது. பூச்சி மருந்தும் குளிசையும் கொடுத்து, குளிசையைத் தேத்தண்ணியோடு போடாதே என்று சொல்லி அனுப்பினார்கள்.

பிறகு குளிசை நேரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றச் சொன்னேன். வீட்டில், கொதித்து ஆறிய தண்ணியில், கிடைத்தால் ஒரு துண்டு கொய்யா அல்லது தேசிக்காயோடு. துரை கேட்டார், வீட்டில் யார் பார்ப்பது என்று.

"யாரும் பாக்க வேணாம் சேர். ஏன்னு சொல்லிக் குடுத்தா அவளே போட்டுக்குவா. மாடா, வாயப் பிளந்து பாக்க?"

எல்லோரும் போட்டார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். வயிறு எரிகிறது என்று சிலர் விட்டார்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து சிலர் விட்டார்கள், அது இரும்பின் வேலை என்று முன்கூட்டியே சொல்லாதது யார் குற்றம்? ஒருத்தி ஒழுங்காகப் போட்டும் அசதி போகவில்லை. பார்த்தால் அவளுக்கு ரத்தம் நன்றாகவே இருந்தது. புருஷன் குடித்துவிட்டு வந்து விடிய விடிய உதைக்கிறான். அவளுக்கு வேண்டியிருந்தது தூக்கம். ஆகவே எல்லா அசதிக்கும் போத்தலைத் திறக்காதீர்கள். விசாரிக்காமல் கொடுத்தால் அதுவும் டாக்டரய்யா செய்த வேலைதான், வேறு பக்கத்திலிருந்து.

பரமேஸ்வரி வேலைக்குத் திரும்பினாள். பேர் வெட்டுப்படவில்லை. கண்டக்டர் அவள் மரங்களைத் தினமும் தடவித் தடவிப் பார்த்தார். புதுக் காயம் கிடைக்கவில்லை. மன்னிப்பா? கேட்டதாக எனக்குத் தெரியாது. பழைய காயங்கள் மட்டும் பட்டையில் முண்டு முண்டாக நின்றன. அவள் அந்த முண்டுகளைத் தாண்டிக் கோட்டை நேராக இழுத்தாள்.

குழந்தையை நிறுக்க வந்தபோது ஒரு நாள் கேட்டேன், அப்போது என்னதான் செய்தது என்று.

"வெட்டுற கோட்டையே பாத்துக்கிட்டு இருப்பேங்க மிஸ்ஸி. திடீர்னு கோடு மறஞ்சிரும். கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கும். எந்த மரம் வெட்டுனேன், எது வெட்டலன்னு நெனவு வராது. கத்திய வச்சுக்கிட்டு நிப்பேன்."

"அதை ஏன் ஒருத்தருக்கும் சொல்லல?"

"சொன்னா கசிப்புன்னுதானே சொல்லுவீங்க."

அவள் நீங்க என்றாள். அவங்க என்று சொல்லவில்லை. நான் குழந்தையின் நிறையை எழுதினேன்.

அந்தப் படத்தை அவர்கள் கழற்றவேயில்லை. துரைமார் மாறினார்கள், டாக்டரய்யா ஓய்வு பெற்றார், நானும் ஓய்வு பெற்றேன். கடைசி நாள் கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போனபோதும் அது அதே சுவரில் இருந்தது. புதிதாக வந்த சின்னத்துரை, நம்ம தோட்டத்துச் சுகாதார வேலை என்று எனக்கே அதைக் காட்டினார்.

உங்களில் யாராவது அங்கே வேலைக்குப் போனால் பாருங்கள். வாளி கீழே இடது பக்கம் இருக்கும். அதற்குப் பிறகு இரண்டாவதாக நிற்கிறவளின் வாயைப் பாருங்கள். கலர் படம், நல்ல வெளிச்சத்தில் எடுத்தது. குளிசை போய்விட்டதா என்று எல்லோரும் எட்டிப் பார்த்த வாய் அது. நாக்கு வெளுத்துப்போய்க் கிடக்கிறது.